பதினோராம் நம்பர்

"இதுல ஒரு கேம் இரிக்கி, தம்பி" என்று ஹாஜியார் லெப்டொப்பை மேசையில் வைத்ததுமே முனாபுக்கு விளங்கிவிட்டது, அதை அழிக்கத்தான் வந்திருக்கிறார். எந்தப் பிள்ளையோ வசமாக அகப்பட்டுக்கொண்டது, பாவம் என்று நினைத்தான்.

அச்சிமுகம்மது ஹாஜியாரைத் தெரியாதவர் கல்முனையில் உண்டா? யுத்தம் முடிந்த கையோடு பாலமுனையிலிருந்து வந்து கொம்பியூட்டர் கடை போட்டவன் முனாப். கடை திறந்த அன்றே, கண்ணாடியில் ஒட்டியிருந்த கிரிக்கெட்காரனின் படத்தை நின்ற நிலையில் கழற்ற வைத்தவர் இவர்.

"உருவப்படம் தொங்குற இடத்துக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க, தம்பி" என்று அன்றைக்குச் சொன்ன குரல் இன்னும் அவன் காதில் நின்றது. அப்படிப்பட்டவர் கேமும் கையுமாக வந்தால் வேறு எதற்கு வருவார்?

"அழிச்சிடவா, ஹாஜியார்?"

"அல்லாவே! அதுல மட்டும் கைய வெச்சிராத!" அவர் பதறிப்போய் முனாபின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "படம் தெளிவில்ல. முகம் முகமாத் தெரியணும். அத மட்டும் செஞ்சி தா."

முனாப் திறந்து பார்த்தான். பழைய உதைபந்தாட்ட கேம். லெப்டொப் தாங்காது என்று, விளையாடியவன் கிராபிக்ஸ் எல்லாவற்றையும் ஆகக் குறைத்து வைத்திருந்தான். மைதானத்தில் ஓடியவர்களின் முகமெல்லாம் சேறு அப்பியது போல இருந்தது.

"இது தெரிஞ்சுதான் லோவுல வெச்சிரிக்காங்க, ஹாஜியார். ஹையில வெச்சா இழுக்கும். ஆக்கள் வயலுக்குள்ள கால் புதைஞ்ச மாதிரித்தான் நடப்பாங்க. விளையாடுற புள்ள ஏசும்."

"ஏசமாட்டான்" என்றார் ஹாஜியார். "ஓடத் தேவல்ல. நிண்டாக் காணும்."

நிற்பதற்கு ஒரு உதைபந்தாட்டமா? முனாபுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

ஹாஜியார் வாசலைத் திரும்பிப் பார்த்தார். தெருவோரத்தில் நின்ற ஆட்டோவுக்குள் அவருடைய மனைவி சுபைறா கடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தா.

"தெளிவா இரிந்தா மட்டும் கூப்புடச் சொன்னா, தம்பி. இல்லாட்டி அவவால தாங்க ஏலாது. எப்புடியாச்சும் செஞ்சி தா."

முனாப் செட்டிங்ஸுக்குள் போனான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேம் அப்படியே நின்றுவிடும்.

"பாக்க வந்த சனக்கூட்டம் வேணுமா, ஹாஜியார்?"

"வேணா."

"நிழல்? மழை?"

"ஒண்டும் வேணா. முகம் மட்டும்."

"யாருட முகம்?"

"பதினொண்டாம் நம்பர்."

எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு, முகத்துக்கு உரியதை மட்டும் ஆகக் கூட்டினான். லெப்டொப் சூடேறி இரைந்தது. பதினோராம் நம்பர் தத்தித் தத்தி வந்து முதுகைக் காட்டி நின்றான். சட்டையில் றாஸிக் என்று பெயர் இருந்தது.

"அடடா, உங்கட மகனா? தன்னையே செஞ்சி உள்ளுக்கு உட்டிரிக்காரு! மூக்கு, காது, புருவம் எல்லாம் ஒவ்வொண்டாத் தெரிவு செஞ்சி வைக்கலாம் இதுல."

"ஓம். கண்ணாடியப் பாத்துப் பாத்து வெச்சானாம். அவன்ட கூட்டாளிதான் சொன்னான்." ஹாஜியார் லெப்டொப்பைத் தொட்டுக் காட்டினார். "இந்தச் சாமான நான் ஊட்டுக்குள்ள எடுக்க உடல்ல. சம்மாந்துறையில, கூட்டாளிட ஊட்டுலதான் கிடந்திரிக்கி. அந்தப் புள்ள கட்டார்ல இரிந்து வந்து, போன கிழமதான் தந்திச்சு."

அப்படியென்றால் மகனும் கட்டாரில்தான் இருப்பான் என்று முனாப் தானாகவே முடிவு செய்துகொண்டான். வாப்பா போட்ட சட்டத்துக்குப் பயந்து ஓடிய பிள்ளைகள் அங்கே எத்தனை பேர்!

ஆட்டத்தை நிறுத்தி, பதினோராம் நம்பரைத் திருப்பி, முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தான். கொஞ்சம் பெரிய காதுகள். இடது புருவத்தின் நடுவில் மயிர் முளைக்காத ஒரு கோடு.

"கட்டில்ல இரிந்து விழுந்தது... நாலு வயசுல" என்றார் ஹாஜியார். விரல் அந்தப் புருவம் வரைக்கும் போய், தொடாமல் திரும்பி வந்தது. கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

அவரால் கூப்பிட முடியவில்லை. வாசலுக்குப் போய்க் கையை மட்டும் அசைத்தார். சுபைறா ஒரு செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தா.

"என்ட மனே! இப்புடித்தான்... காது இப்புடித்தான் இரிக்கும்" என்று லெப்டொப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விம்மினா. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய உம்மாமார் அழுவது முனாபுக்குப் புதிதில்லை. 

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தான். "ஊட்டுல மகன்ட போட்டோ ஒண்டும் இல்லையா, ஹாஜியார்? சுனாமியில போயிரிக்கும் என்ன? எங்கட ஊட்டுலயும் அப்புடித்தான், கலியாணப் படம் கூட மிஞ்சல்ல. எல்லாத்தையும் கடல் கொண்டு போச்சு."

ஹாஜியார் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"கடல் புள்ளையத்தான் கொண்டு போச்சு, தம்பி. போட்டோவெல்லாம் அதுக்கு முந்தியே நான் கிழிச்சிட்டன்."