மண்ணுக்குக் கீழே விளைவது

பாத்திரத்தைத் திறந்த என் மனைவி, மூடியைக் கையில் பிடித்தபடியே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பாதியைக் காணவில்லை.

நானும் மாமனாரும் சோபாவில் உட்கார்ந்து, ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளைகளாகச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டுச் சட்டம் ரொம்பச் சுருக்கம். மண்ணுக்கு மேலே விளைவது மாமனாருக்கு, கீழே விளைவது மற்றவர்களுக்கு. உருளை போய், சேனை போய், பீட்ரூட்டும் போன பிறகு, அப்படியானால் வேர்க்கடலை எங்கே விளைகிறது என்று மகளை மடக்குவதாக நினைத்துக் கேட்டார். மறுநாளிலிருந்து அதுவும் போயிற்று.

இனியும் சர்க்கரை ஏறினால் மாத்திரை போதாது, தினமும் ஊசிதான், அதுவும் தொப்புளைச் சுற்றி என்று டாக்டர் போன முறையே சொல்லிவிட்டார். காலமெல்லாம் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனிதர். அதைக் கேட்டதும் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார்.

என் மனைவி சத்தம் போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்போம். அவளோ அலமாரியைத் திறந்து சுகர் மெஷினை எடுத்தாள். வாய் பொய் சொல்லும், ரத்தம் சொல்லாது என்பது அவள் கட்சி.

டப்பாவில் ஒரே ஒரு ஸ்ட்ரிப்தான் மிச்சமிருந்தது. அதை மெஷினில் செருகிக்கொண்டு நேராக அப்பாவிடம் போனாள்.

மாமனார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இருக்கிறதே, கல்லும் கரைந்துவிடும்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தின்றது நான்தான் என்று எழுந்து நின்று, அவள் யோசிப்பதற்குள் விரலை நீட்டிவிட்டேன். என் கணக்கெல்லாம் அந்தக் கடைசி ஸ்ட்ரிப்பை வீணாக்குவது மட்டும்தான்.

இருந்த கோபத்தில் அவள் பஞ்சை வைத்துத் துடைக்கக்கூட இல்லை. நறுக்கென்று குத்தினாள்.

முந்நூற்று எண்பத்தொன்பது.

மெஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். எண் மாறவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிழங்கு போன கோபமெல்லாம் போய், உங்களுக்குமா, உங்களுக்குமா என்று அதையே சொல்லி அழ ஆரம்பித்தாள்.

மாமனார் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். குரலில் அப்படி ஒரு கனிவு.

"மாப்ளே, இனிமே நாக்கைக் கட்டணும். என்னைப் பாருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஏனென்றால் நான் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை. சர்க்கரைவள்ளி எனக்குத் தொண்டையிலேயே இறங்காது. இவருக்குச் சூடு தாங்காதே என்று பாவம் பார்த்து, மாடிப்படியில் உட்கார்ந்து தோலை உரித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். நான் உரிக்க உரிக்க, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உள்ளே தள்ளியது இந்த உத்தமர்.

ஆத்திரம் அடங்குவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஒன்றுமே தின்னாதவனுக்கே முந்நூற்று எண்பத்தொன்பது என்றால்?

கை தன்னால் போய்த் தொப்புளைத் தடவியது.

"ஐயோ, ரத்தம் நிற்கவே இல்லையே" என்று பதறி, அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அழுதுகொண்டே, குழந்தைக்குச் செய்வதுபோல அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

அழுகை பாதியில் நின்றது.

விரலை எடுத்துவிட்டு மெல்லச் சப்புக்கொட்டினாள். பிறகு, குத்தாத பக்கத்து விரலையும் வாயில் வைத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கிழங்கு உரித்த கை. விரலெல்லாம் பிசுபிசுவென்று பாகு. கழுவத் தோன்றவே இல்லை.

என் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிவப்புத் தோலைக் கிள்ளி எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் இந்தக் கிழங்கைத் தொட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

மாமனார் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது, கன்னம் உப்பியது. எவ்வளவோ அடக்கிப் பார்த்தார்.

விக்கல் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

என் மனைவி எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"யாரோ உங்களை நினைக்கிறாங்கப்பா," என்றாள். "டாக்டராத்தான் இருக்கும்."