பட்டியலில் முதல் பெயர்

புது டிரான்ஸ் இசை ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு டிஜே யெல்மர் நெதர்லாந்தில் ஏழு ஊர் சுற்றினான். ஒவ்வோர் ஊரிலும் இலவச அனுமதிப் பட்டியலில் முதல் பெயராக மனைவி ஹில்கேயை எழுதிக் கொடுத்தான். உயிரோடிருந்தவரை அவள் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. "அடுத்த வாட்டி வரேன்" என்பாள். போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது.

ஆறு ஊர்களில் அந்தப் பெயருக்கு டிக் விழவில்லை. ஏழாவது க்ரோனிங்கன், ஞாயிறு மத்தியானக் கச்சேரி. கடைசிப் பாட்டு ஓடும்போது வாசலில் பட்டியல் பார்க்கும் கொர்ரி மேடையேறி வந்து காதருகே கத்தினாள்.

"உன் வீட்டம்மா வந்திருக்காங்கப்பா! காதுக்குப் பஞ்சு கேட்டாங்க, குடுத்தேன்."

"யாரு?"

"ஹில்கே. தூணுக்குப் பின்னாடி நிக்கிறாங்க. ஏன் மூஞ்சி வெளுக்குது, வீட்ல சண்டையா?"

யெல்மர் எம்பிப் பார்த்தான். தூண்தான் தெரிந்தது.

"இருக்கச் சொல்லு!"

"சொல்லாமலா? இந்தப் பாட்டு முடிஞ்சதும் கிளம்பிடுவாங்களாம்."

பாட்டு எட்டு நிமிடம். ஏழு ஓடிவிட்டது. கடைசித் துணுக்கைத் திரும்பத் திரும்பச் சுழலவிடும் பொத்தானை யெல்மர் அழுத்திப் பிடித்தான். விரலை எடுத்தால் பாட்டு முடிந்துவிடும்.

கூட்டம் அரை மணி நேரம் ஆடியது. அப்புறம் திட்டியது. அப்புறம் வீட்டுக்குப் போனது. அவன் விரலை எடுக்கவில்லை.

ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு ஒரு பெண் வந்தாள். காலி மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டே தூணுக்குப் பின்னால் போனாள்.

"கொஞ்சம் காலைத் தூக்கிக்கோங்கம்மா" என்றாள்.