தொடாத பகல்

மூச்சு நின்றது.

அவன் வலது காலை மடக்கி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

கதவிடுக்கு வழியாக வந்த வெயில் தரையில் கோடாகக் கிடந்தது. பாயில் அவள். அவன் பெஞ்சாதி சீனித்தாய். மூக்கில் குழாய், விரலில் கிளிப், நெஞ்சில் பெல்ட்டோடு ஒரு சின்னப் பெட்டி. பெட்டியில் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

எண்ண ஆரம்பித்தான்.

லாபம். ரெண்டு. மூணு.

ஒன்று என்று தொடங்கிப் பழக்கமில்லை. அவன் மூட்டை சுமக்கிற பருப்பு மண்டியில் முதல் மூட்டைக்கு லாபம் என்றுதான் சொல்வார்கள். எழுத்து அவனுக்கு நாற்பது வயதில் வந்தது. எண்ணிக்கை அதற்கு வெகு முன்பே முதுகில் ஏறிவிட்டது.

ஒன்பது. பத்து.

பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். தூங்குபவரை எழுப்பக் கூடாது. எழுத்துக் கூட்டிப் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

அவளுக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். அவன் மண்டிக்கும் லாரி ராத்திரிதான் வரும். இரண்டு பேருக்கும் பகலில்தான் தூக்கம். அதனால் பரிசோதனையும் பகலில்.

அவள் எடை நூற்று முப்பத்தாறு கிலோ. முழங்கால் இரண்டும் தாங்கவில்லை. மெஷினை விட்டு எடுத்து, கழிவுப் பஞ்சு கூட்டுகிற வேலையில் போட்டிருந்தார்கள். அதுவும் முடியாதென்றால் வீட்டில் இருந்துக்கோ என்று மேஸ்திரி சொல்லியாயிற்று. இரைப்பையைச் சுருக்கி ஆபரேஷன் செய்தால் எடை இறங்கும் என்றார் டாக்டர். அதற்கு முன்னால், தூக்கத்தில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

அவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

பதினாலு வருசமாக அவன்தான் எழுப்புகிறான். மூச்சு நின்றால் கால் பெருவிரலால் அவள் கெண்டைக்காலில் ஒரு இடி. அவள் வெடுக்கென்று மூச்சை இழுத்துப் புரண்டு படுப்பாள். போகப் போக அவன் விழிப்பதுகூட இல்லை. அவன் தூங்குவான். கால் முழித்திருக்கும்.

போன மாதம் முதல் தடவை பெட்டி மாட்டியபோது, தொடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவனும் சுவர் ஓரமாகத் தள்ளித்தான் படுத்தான்.

முழித்துப் பார்த்தால் கால் அவள் காலின் மேல் கிடந்தது.

லேசான கோளாறுதான் என்று ரிசல்ட் வந்தது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். அவள் மில் வேனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அவள் குறட்டையைக் கேட்டு, வண்டிக்கு ரெண்டு எஞ்சின் ஓடுதுக்கா என்று கிண்டல் செய்யும் டிரைவரிடமும் சொன்னாள்.

அவன் நாலு நாள் பொறுத்தான். ஐந்தாம் நாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், பெட்டி மாட்டிவிடுகிற பெனிலாவிடம் நடந்ததைச் சொன்னான். அந்தப் பிள்ளை பேனாவை மூடி வைத்தது.

"மயக்கம் குடுத்ததுக்கப்புறம் பக்கத்துல நீங்க படுத்திருப்பீங்களாண்ணே?"

தேதி ரத்தானது.

என் தூக்கத்தைக் கெடுத்தது போதாதென்று ஆபரேஷனையும் கெடுத்தாச்சு, அந்தக் காலை வெட்டி மண்டியிலேயே போட்டுவிட்டு வாங்க என்றாள் சீனித்தாய். இரண்டு நாள் பேசவில்லை. இன்றைக்குப் படுக்கப் போகும்போதும் கதவோரத்தைத்தான் கைகாட்டினாள். அங்கேயே இருங்க, கிட்டே வராதீங்க என்று அர்த்தம். இந்தத் தடவையும் கெட்டால், மறுபடி பெட்டி கிடைக்க இரண்டு மாதம் ஆகும். மேஸ்திரி அதுவரைக்கும் பொறுக்க மாட்டார்.

இருபத்தாறு. இருபத்தேழு.

வயிறு ஏறி இறங்கியது. காற்று மட்டும் உள்ளே போகவில்லை.

உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

தெருவில் கருவாட்டுக்காரி சத்தம் கொடுத்துக்கொண்டே போனாள். முப்பத்து மூணா, முப்பத்து நாலா. முப்பத்து நாலு என்று வைத்துக்கொண்டான்.

எழுந்தான். கால் மரத்திருந்தது. இரண்டு எட்டு வைத்தால் பாய்.

கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

நாற்பத்தொன்று.

அங்கே, ஆபரேஷன் மேசையில், இவளை இப்படித்தான் கிடத்துவார்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். சொன்னது காலுக்கு ஏறவில்லை.

நாற்பத்தாறு.

தொண்டை கிழிகிற மாதிரி இழுத்தாள். உடம்பு முழுக்க ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. புரண்டாள். குறட்டை திரும்ப வந்தது.

தானாக.

அவன் நிலையோடு சரிந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம்தான். குறட்டை ஏறியது. ஏறி அறுந்தது.

லாபம். ரெண்டு.

நாலு மணிக்கு அவள் எழுந்தாள். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எத்தனை தடவை நின்றது என்பதை எண்பதுக்குமேல் எண்ணாமல் விட்டிருந்தான்.

அவள் மூக்குக் குழாயைக் கழற்றினாள். தலை வலிக்கிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். பிறகு, தொட்டீங்களா என்று கேட்டாள்.

இல்லை என்றான். இந்தத் தடவை எல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கும் என்றான்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தான்.

விரலில் மாட்டியிருந்த கிளிப்போடு, அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவைகூடவா?"