ஒத்த வார்த்தை மாமா

புருஷனைத் திட்டியே பேர் வாங்கின ஒரு அக்கா எங்க பில்டிங்ல மூணாவது மாடியில இருக்காங்க. பேர் மட்டுமா, காசும் வாங்கினாங்க. நான் என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், நீயும்தான் இருபது வருஷமா ஓசியிலயே திட்டிக்கிட்டு இருக்கே, அன்னைக்கே ஒரு கேமரா வெச்சிருந்தா இந்நேரம் சொந்த வீடு கட்டியிருக்கலாம்னு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு லேட்டாத்தான் வந்துச்சு.

வீடியோன்னா பெரிய சினிமா எல்லாம் இல்ல. அக்கா புருஷன், எங்களுக்கெல்லாம் மாமா, நாற்காலியில உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்து நாங்க பார்த்ததே கிடையாது, அவ்வளவு சோம்பல்னு நினைச்சோம். அக்கா கையில கரண்டியோட வருவாங்க. ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஏன் ஓடுது, ஈரத் துண்டு ஏன் கட்டில்ல கிடக்குது, உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்னு மூச்சு விடாம பொரிஞ்சு தள்ளுவாங்க.

மாமா அப்படியே பார்ப்பார். வாய் திறக்கும், மூடும். இங்க நமக்கு இருப்பு கொள்ளாது. கடைசியா ஒரே ஒரு வார்த்தை சொல்லுவார்.

"அப்புறம்?"

அவ்வளவுதான். லட்சம் பேர் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அக்கா உடனே ஒரு விரலை மடக்கிக் காட்டுவாங்க. அவர் பண்ற தப்பை எண்றாங்கன்னு எல்லாருக்கும் நினைப்பு.

அவருக்கு 'ஒத்த வார்த்தை மாமா'ன்னே பேர் விழுந்துடுச்சு. அந்த கேப் விடறார் பாரு, அது தானா வரணும், யாருக்கும் சொல்லிக் குடுக்க முடியாதுன்னு ஜனங்க கமெண்ட் போட்டாங்க. வீடியோவுல வர்ற காசுலதான் அவங்க குடித்தனமே ஓடுது.

ஆனா ரெண்டு மாசமா மாமா மூணு வார்த்தை, நாலு வார்த்தைன்னு பேச ஆரம்பிச்சார். ஜனங்களுக்குப் பிடிக்கல. மாமா முன்ன மாதிரி இல்ல, ஓவரா பேசறார்னு எழுதிட்டுக் கழண்டுக்கறாங்க. வருமானம் பாதியாச்சு. கூத்து என்னன்னா, அப்படி எழுதறவங்களுக்குத்தான் அக்கா தேடித் தேடி ஹார்ட் போடறாங்க. பொழைக்கத் தெரியாத மனுஷின்னு நினைச்சுக்கிட்டேன்.

நான் எலக்ட்ரீஷியன். அன்னைக்கு அவங்க வீட்டு ஸ்விட்ச் போர்டைக் கழட்டிக்கிட்டு ஸ்டூல் மேல நிக்கறேன். அக்கா வீடியோ எடுக்கக் கரண்டியோட ரெடி. அப்பத்தான் வீட்டு ஓனர் உள்ள வந்தார். அவர் எப்பவும் விரலை நீட்டிப் பேசற ஆள். விரல் முதல்ல வரும், பின்னாலயே அவர் வருவார்.

இது குடும்பஸ்தங்க இருக்கிற இடம்னார். கட்டின புருஷனை ஊர் சிரிக்க வெச்சு அதுல காசு பார்க்கறது ஒரு பொழைப்பான்னார். அந்த செருப்பு வீடியோ, குடை வீடியோ, போன வாரம் சோப்பு டப்பா வீடியோ, எதையும் கண்கொண்டு பார்க்க முடியலையாம். ஒண்ணு விடாம பார்த்திருக்கார். நான் சுவர் பக்கம் திரும்பிச் சிரிச்சுக்கிட்டேன்.

அடுத்து அவர் சொன்னதுல சிரிப்பு நின்னுடுச்சு.

"வாயில்லாப் பூச்சிம்மா அந்த மனுஷன். பாவம். இந்த மாசத்தோட வீடியோவை நிறுத்துங்க. இல்லையா, வீட்டைக் காலி பண்ணுங்க."

நிறுத்தினா சோறு போச்சு, நிறுத்தலேன்னா வீடு போச்சு. வேற யாராவதா இருந்தா கால்ல விழுந்திருப்பாங்க. அக்கா கண்ணு ஓனர் பக்கமே போகல. மாமா வாயையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

வாய் திறந்துச்சு, மூடிச்சு, மறுபடி திறந்துச்சு.

"நின்னுக்கிட்டே... திட்டினா... கால் வலிக்கும் சார். உட்கார்ந்து... திட்டுங்க."

அக்கா ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விரலை மடக்கினாங்க. அஞ்சும் தீர்ந்துபோச்சு. இன்னொரு கையில கரண்டி. மாமா நிறுத்தற வழியாக் காணோம். அக்கா கரண்டியைக் கீழ போட்டுட்டு, ஓனர் நீட்டிக்கிட்டிருந்த விரலையே பிடிச்சு மடக்கினாங்க. அப்புறம் அவர் கட்டை விரலையும்.

"ஏழு சார். ஏழு வார்த்தை."

சிரிக்கறாங்களா அழறாங்களான்னு தெரியல.

"மார்க்கெட்ல காய்கறி ஏலம் கூவினவர் சார் இவர். இங்க குடி வர்றதுக்கு முன்னால ஸ்ட்ரோக் வந்து பேச்சே நின்னுபோச்சு. எப்படியாவது பேச வைங்க, எத்தனை வார்த்தை வருதுன்னு எண்ணி தினம் வீடியோ அனுப்புங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கொஞ்சிப் பேசினா சிரிச்சுட்டுச் சும்மா இருந்துடுவார். திட்டினாத்தான் பதில் சொல்லணும்னு ரோஷம் வரும்."

அதுல ஒரு வீடியோவை அக்காவோட தங்கச்சி விளையாட்டா ஊருக்கே போட்டுவிட, ஜனங்க சிரிக்கறதைப் பார்த்து மாமாவும் சிரிச்சிருக்கார். விஷயத்தை வெளிய சொன்னா எல்லாரும் பாவம்னு பார்ப்பாங்க. அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு ஆகாதாம்.

ஓனர் மடங்கின விரலை நிமித்தவே இல்ல. அப்படியே உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஐயா, இப்ப நீங்க என்னைத் திட்டுங்க. எவ்வளவு நீளமா வேணும்னாலும் திட்டுங்க."

மாமா அவரை மேலயும் கீழயும் பார்த்தார். வாய் திறந்துச்சு, மூடிச்சு. நான் ஸ்டூல் நுனிக்கே வந்துட்டேன்.

"பாவம்"னார் மாமா.

அக்கா ஒரு விரலை மடக்கினாங்க.