கட்டைவிரல் அளவு வெளிச்சம்

ஹெலன் செய்த பீங்கான் விளக்குக்கூடு சூளைக்குப் போகுமுன் ஈரத்துணிக்கடியில் தனியாக இருந்தது. தாட்சாயணி துணியை விலக்கி, அதன் வயிற்றில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். பதினொரு வருடமாக அந்தப் பட்டறையில் டீக் கோப்பையாகச் செய்து தள்ளியவள் அவள். கோப்பைக்கு அடியில் யாரும் பெயர் கீறுவதில்லை. நேற்று வந்த ஹெலனுக்கு மட்டும் அந்த உரிமை. எல்லோரும் அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். மெலிந்த இடம் நெருப்பில் விரிசல் விடும் என்று தாட்சாயணி மலைபோல நம்பியிருந்தாள்.

விடவில்லை. சூளையிலிருந்து வந்த கூட்டுக்குள் முதலாளி பல்பை மாட்டி சுவிட்சைப் போட்டார். கூடு முழுவதும் பால்போல மங்கி ஒளிர, அழுத்திய இடத்தில் மட்டும் வெளிச்சம் தேனாகத் திரண்டு நின்றது.

"அடேயப்பா! இந்தப் பள்ளம் எப்படிம்மா தோணுச்சு உனக்கு? இதே மாதிரி இன்னும் நாப்பது செய்" என்றார் ஹெலனிடம்.

தாட்சாயணிக்கு வயிறு எரிந்தது. அது என் விரல் என்று எந்த வாயால் சொல்வது?

அவர் போனதும் ஹெலன் தன் கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தாமல் ஆடியது. அங்கிருந்தவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தாட்சாயணி தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஹெலன் ஈரம் காயாத புதுக்கூடு ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"கையை வெளிய எடுங்கக்கா" என்றாள் மெதுவாக.

கூட்டின் அடியில் ஹெலனின் பெயர் ஏற்கெனவே கீறியிருந்தது.