ரசவாங்கி வகுப்புக்கு ஒரு புடவை

மூன்றாவது புடவையையும் அவிழ்த்துக் கட்டிலில் போட்டாள் பத்மஜா.

சனிக்கிழமைதோறும் ஹாலில் மேஜை போட்டு, கேஸ் அடுப்பை அதன்மேல் ஏற்றி, வருகிறவர்களுக்குச் சமைத்துக் காட்டுவது அவளுக்குப் புதிதல்ல. சமைக்க வசதி நைட்டிதான். ஆனால் அதோடு நாலு பேர் முன்னால் நிற்க முடியாது. அதனால் மஞ்சள் தெறித்தால் தெரியாத அடர்நிறச் சுங்குடி ஒன்று, கைக்குக் கிடைத்த ரவிக்கை. இரண்டு நிமிஷ வேலை.

இன்றைக்கு பீரோவே காலியாகிக்கொண்டிருந்தது.

மைசூர் சில்க்கில் கண்ணாடி முன் நின்றபோது, கத்திரிக்காய் நறுக்கப் போகிறவளாகத் தெரியவில்லை. பெண் பார்க்கக் கிளம்பியவள் மாதிரி இருந்தது.

சாம்பல் நிறக் காட்டன், துக்கம் விசாரிக்கப் போவதுபோல.

மலையாளிகள் கட்டும் கசவுக் கரை போட்ட செட்டுமுண்டோ, வேண்டுமென்றே உடுத்தியதாகத் தோன்றும்.

ராமசுப்ரமணியன் எட்டிப் பார்த்தார். வீடியோ எடுக்க யாராவது வருகிறார்களா என்று கேட்டார். வழக்கமாக வருகிறவர்கள்தான், புதிதாக ஒருத்தி, என்றாள் பத்மஜா. பெயரை மட்டும் சொல்லவில்லை. அவரும் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

கடைசியில் பழைய சுங்குடியையே எடுத்துக் கட்டினாள். தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆகியிருந்தது. அதில்தான் கை தன்போக்கில் வேலை செய்யும்.

கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி ஒவ்வொருவராக வந்தார்கள். சுடிதார், ஜீன்ஸ், குர்த்தா. போட்டிருந்த நாற்காலிகள் நிறைந்தன. ரசவாங்கிக்குப் புளியைக் கரைத்துவிட்டு, நறுக்கிய கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டபோது வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

மெரூன் பட்டுப்புடவையில் ஒரு பெண் நின்றிருந்தாள். கொசுவம் ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் தரையில் இழுபட்டது. தோளில் வரிசையாக ஊக்குகள். காலையிலிருந்து கட்டியும் அவிழ்த்தும் ஒருவழியாகக் கிளம்பி வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே பத்மஜாவுக்குப் புரிந்துபோயிற்று.

"நான் ராஜஸ்ரீ," என்றாள் அவள், சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த தமிழில். "கிளாஸுக்குப் பேர் கொடுத்திருந்தேன்."

ராமசுப்ரமணியன் பேப்பரைக் கீழே வைத்தார்.

பிள்ளை அனந்த் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. இவர்களும் கூப்பிடவில்லை. போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த மலையாள மருமகளுக்காக அவர் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பத்மஜா அந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு மேஜைக்குப் பின்னால், தன் பக்கத்தில், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"அங்க உக்கார வேண்டாம், இங்க வா," என்றாள். "முந்தானையை இழுத்துச் செருகிக்கோ. அடுப்புகிட்ட நிக்கப்போறே."