இரண்டு ஆடுகள்

இந்தப் பாட்டு முடியும்வரை தாங்குமா என் வயிறு?

மணப்பெண் கதோனிக்குத் தெரியவில்லை. தலையிலிருந்து கணுக்கால்வரை லெசோத் துணிகளால் அவளைச் சுற்றியிருந்தார்கள். முற்றத்தில் அவளோடு இன்னும் நான்கு பெண்கள், அதே மாதிரி முழுக்க மூடி, வரிசையாக.

மாப்பிள்ளை வந்து தன் பெண் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். தவறான துணியை விலக்கினால் பெண் வீட்டுக்கு அவன் ஓர் ஆடு அபராதம் தர வேண்டும். பெண்கள் உள்ளே போய், இடம் மாறி, மறுபடி வருவார்கள்.

நேற்று மதியத்திலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. காலியாக இருந்தால் வயிறு ஏமாற்றாது என்று நினைத்தாள். காலி வயிறும் ஏமாற்றியது.

முதலில் டைபாய்டு என்றார்கள். பிறகு அமீபா. அதன்பின் யாரும் எதுவும் சொல்லாமல், அவள் மெலிவதைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நைரோபி டாக்டர்தான் பெருங்குடலில் அழற்சி, புண், அடங்கும், திரும்பும், ஆயுளுக்கும் மருந்து என்றார்.

மாப்பிள்ளை முரியுகியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் வீட்டாரிடம் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.

"ரத்தமா போறவள எவ மருமகளா எடுப்பா?"

இன்று இரண்டு வீட்டாரும் பார்க்க இந்தத் துணி நனைந்துவிட்டால், அம்மா மறைத்ததெல்லாம் போயிற்று. கல்யாணமும்.

அடிவயிறு முறுக்கியது. கால்விரல்கள் செருப்பைக் கவ்வின. கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. இங்கிருந்து ஓடினால் துரத்திக்கொண்டு கேள்விகள் வரும்.

துணியின் விளிம்புக்குக் கீழே இரண்டு பழுப்பு நிற ஷூக்கள் வந்து நின்றன.

அவன்தான்.

துணியை விலக்கினால், கையைப் பிடித்து நேரே பெரியவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஆட வேண்டும். படத்துக்கு நிற்க வேண்டும். விலக்காவிட்டால், அவனுக்கு அவளைத் தெரியவில்லை என்று அர்த்தம்.

எது நடக்க வேண்டும் என்று அவளுக்கே புரியவில்லை.

ஷூக்கள் வெகுநேரம் அங்கேயே நின்றன. பிறகு நகர்ந்தன.

கூட்டம் கூச்சலிட்டது. அவன் விலக்கியது அவள் தங்கை வஞ்சேரியின் துணியை.

"ஏன் மாப்ளே, அக்கா போதாதா? தங்கச்சியும் கேக்குதா? மொதல்ல ஆட்ட ஓட்டிட்டு வா!"

பெண்களைச் சிரிப்போடு உள்ளே தள்ளினார்கள். கதோனி துணியை உதறிவிட்டுப் பின்வாசல் வழியே ஓடினாள்.

கழிப்பறையின் தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தபோதுதான் அது உறைத்தது. மூன்று மாதம் முன்பு அவன் பார்த்துப்போன கதோனி, வஞ்சேரியைப் போல ஒல்லி. அதற்குப் பிறகுதான் மாத்திரை அவளை ஊதவைத்தது. அவன் அந்தப் பழைய உடம்பைத் தேடியிருக்கிறான். சம்மதம் சொன்னதும் அந்த உடம்புக்குத்தானோ?

தகரத்தில் தட்டினார்கள். அத்தை.

"இன்னுமா? சரி, நீ இரு. இந்தத் தடவ நீ இல்லாமலே வரிசைய அனுப்புறேன். பொண்ணே இல்லாத வரிசையில தேடட்டும் பய."

அதுவும் வழக்கம்தான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பாட்டு மறுபடி தொடங்கியது. சற்று நேரத்தில் முன்னைவிடப் பெரிய கூச்சல். அத்தை மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"உன் ஆளுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சாடி? வாசேரா சித்திய இழுத்திருக்கான்! அவ உன் இடுப்பு உயரம்கூட இருக்கமாட்டா. உன் மாமியா மூஞ்சியப் பாக்கணுமே!"

கதோனிக்குச் சிரிப்பு வரவில்லை. வஞ்சேரி என்றால் சரி, ஏமாறலாம். வாசேரா சித்தியோடு போய் அவளை யார் குழப்பிக்கொள்வார்கள்?

ஒருவேளை அவனுக்குக் கண்டுபிடிக்க மனமில்லையோ. பொழுது சாயும்வரை ஆட்டைக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருவன் பேசாமல் ஊர் திரும்பிவிட முடியுமா? அப்படி யாராவது திரும்பியிருக்கிறார்களா? யாரிடம் கேட்பது?

கைகால் கழுவிக்கொண்டு வந்தாள். அத்தை அவளைச் சுற்றிக் கட்டினாள்.

"பக்கத்துல வந்தா ஒரு இருமல் போடு. மூணாவது ஆட்டுக்கு இங்க கயிறு இல்ல."

கதோனி துணியை முகத்தின்மேல் இழுத்துவிட்டாள். இருமித்தான் அவனுக்குத் தன்னைத் தெரியவேண்டும் என்றால், தெரியவே வேண்டாம்.

மூன்றாம் முறை. பழுப்பு ஷூக்கள் மற்றவர்கள் முன்னால் நிற்கவே இல்லை. நேரே அவளிடம் வந்தன.

அவன் குனிந்தான். துணியோடு அவன் மூச்சு ஒட்டியது.

"மோந்து பாக்குறான்டி, ஆடு வாங்க வந்தவன் மாதிரி!" யாரோ கத்த, முற்றமே அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், அவள் காதுக்கு மட்டும் எட்டும்படி அவன் கேட்டான்.

"இப்பப் பரவாயில்லையா? இல்ல, தப்பா இழுத்து இன்னொரு ஆடு விடட்டுமா?"

அடிவயிறு மறுபடி மெல்ல முறுக்கத் தொடங்கியிருந்தது.

துணிக்குள்ளேயே அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.